பென் ஸ்டேட்டின் பீட்டா வீடு: பழைய மாணவர் ஆதரவு எங்கே தவறியது?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களில் இருந்து வெளியே வந்தவர்கள் தங்கள் பழைய கிளைக்கு எப்படி உதவலாம் என்று கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் வரும். நன்கொடை கொடுங்கள், வீட்டைப் புதுப்பித்துக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுங்கள், ஆண்டு விழாவுக்கு வந்து போங்கள். இதெல்லாம் தாராளமாகக் கிடைத்த ஒரு கிளையில் 2017-ல் 19 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். மாணவர்கள் செய்த குற்றத்தை நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட்டது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களாகவும் புரவலர்களாகவும் இருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃப்ரட்டர்னிட்டி என்பது ஆண்களுக்கான சங்கம், சொரோரிட்டி பெண்களுக்கானது. பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். பீட்டா தீட்டா பை 1839-ல் ஒஹாயோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பை பீட்டா ஃபை என்ற பெண்கள் சங்கம் 1867-ல் இலினாய் மாநிலத்தில் பிறந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை, அதற்கு மேலே தேசியத் தலைமையகம். பல கிளைகளுக்குச் சொந்த வீடு உண்டு. மாணவர்கள் அதில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், விருந்து வைக்கிறார்கள்.

அந்த வீடு பல இடங்களில் கல்லூரிக்கும் சொந்தமில்லை, மாணவர்களுக்கும் சொந்தமில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் 'ஹவுஸ் கார்ப்பரேஷன்' என்ற தனி அமைப்பின் பெயரில்தான் பத்திரம் இருக்கும். அதாவது பழைய மாணவர்கள் எப்போதாவது வந்து போகும் விருந்தாளிகள் மட்டுமில்லை. வீட்டு உரிமையாளர்களே அவர்கள்தான். வாடகை ஒப்பந்தம் எழுதுவதும், யார் குடியிருக்கலாம், என்ன செய்யக்கூடாது என்று நிபந்தனை போடுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. பென் ஸ்டேட் வழக்கைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அங்கேதான். வளாகத்தை ஒட்டி பரோஸ் தெருவில் பீட்டா கிளையின் பெரிய வீடு இருந்தது. 2009-ல் ஒழுங்கு நடவடிக்கை காரணமாக இந்தக் கிளை ஒரு முறை கலைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு புதிய பிள்ளைகளோடு மறுபடி தொடங்கப்பட்டது. இனி இந்த வீட்டில் மது கிடையாது என்பது நிபந்தனை. கலிஃபோர்னியாவில் ரியல் எஸ்டேட்டில் பெரும் பணம் சம்பாதித்த பழைய உறுப்பினர் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்க 80 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்தார். குளியலறையில் சூடாகும் தரை வரை போட்டுக் கொடுத்தார். பொது அறைகளில் கண்காணிப்புக் கேமராக்கள் வைக்கப்பட்டன. வயதில் மூத்த ஆலோசகர் ஒருவர் அதே வீட்டில் குடியிருந்தார். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு ஒரு கிளைக்குக் கிடைக்காது. மாதிரிக் கிளை என்றுகூடப் பெயர் எடுத்திருந்தது.

2017 பிப்ரவரி 2, வியாழக்கிழமை. புதிதாகச் சேர அழைப்புப் பெற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ளும் இரவு. 14 பேர் வந்திருந்தார்கள். அவர்களில் டிமதி பியாஸா, நியூ ஜெர்சியைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர். வீட்டுக்குள் 'காண்ட்லெட்' என்ற சடங்கு: வரிசையாக வைத்த இடங்களில் நின்று வோட்கா, பீர், ஒயின் என்று அடுத்தடுத்துக் குடித்துக்கொண்டே போக வேண்டும். அரசுத் தரப்பின் கணக்குப்படி பியாஸாவுக்கு 82 நிமிடங்களுக்குள் குறைந்தது 18 முறை மது கொடுக்கப்பட்டது. இரவு சுமார் பத்தே முக்காலுக்கு அவர் நிலவறைப் படிக்கட்டில் தலைகீழாக விழுந்தார்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் கேமராவில் இருக்கிறது. நினைவில்லாமல் கிடந்தவரை நான்கு பேர் தூக்கி வந்து சோபாவில் போட்டார்கள். மல்லாந்து படுத்து வாந்தியில் மூச்சடைத்துவிடக் கூடாது என்று, புத்தகங்கள் நிரப்பிய முதுகுப்பையை அவருக்கு மாட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொன்ன புதிய உறுப்பினர் ஒருவரைச் சுவரோடு தள்ளினார்கள். விடியற்காலையில் பியாஸா தானே எழுந்து நடக்கப் பார்த்தார், மறுபடி மறுபடி விழுந்தார். காலை 10 மணி வாக்கில் நிலவறையில் உடல் சில்லிட்ட நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்த பிறகும் 42 நிமிடம் கழித்துத்தான், 10:48-க்கு, 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தார்கள். விழுந்ததற்கும் அழைப்புக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி நேரம். மண்டையோட்டில் முறிவு, கிழிந்த மண்ணீரல். பிப்ரவரி 4 அன்று ஹெர்ஷி மருத்துவமனையில் அவர் இறந்தார்.

அந்தக் கேமராக்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவை போலீசுக்குப் பெரிய சாட்சியாக அமைந்தன. நிலவறைப் பதிவை ஒரு மாணவர் அழித்திருந்தார், எஃப்.பி.ஐ. அதையும் மீட்டது. 2017 மே மாதம் 18 உறுப்பினர்கள் மீது குற்றச்சாட்டு பதிவானதற்கு அந்தப் பதிவுகள் பெரிய காரணம். ஆனால் சம்பவம் நடந்துகொண்டிருந்த 12 மணி நேரத்தில் அந்தத் திரையைப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. வீட்டுக்கு அத்தனை பணம் வந்த இடத்தில், சேர்க்கை நடக்கும் இரவில் குடிக்காத பெரியவர்கள் இரண்டு பேர் ஹாலில் உட்கார்ந்திருக்க ஏற்பாடு இல்லை. அது இருந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 911-க்கு ஒரு போன் போதும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும்போது 'நாம் மாட்டிக்கொள்வோம்' என்ற பயத்தில் அந்த போனைச் செய்யத் தயங்குகிறார்கள். நாற்பது வயதுக்காரர் தயங்க மாட்டார்.

வீட்டிலேயே ஆலோசகர் இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார். ஆனால் பல்கலைக்கழகத்தில் முழுநேர வேலையும் வைத்திருந்தவர் அவர். ஒரே ஆளை 'ஆலோசகர்' என்று நியமித்துவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்வது ஃப்ரட்டர்னிட்டிகளில் சகஜம். ஒருவர் தனியாக அந்த வேலையைச் செய்ய முடியாது. பிள்ளைகளோடு நெருக்கமாக இருக்க ஆசைப்பட்டால் கண்டிப்பு தளரும், கண்டிப்பாக இருந்தால் அவருக்குத் தெரியாமல் காரியம் நடக்கும். வேலையைப் பிரித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும்.

இந்த விஷயத்தில் சொரோரிட்டிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பல பெண்கள் சங்கங்களில் கிளைத் தலைவிக்கு ஓர் ஆலோசகர், பொருளாளருக்கு இன்னொருவர், புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பாளருக்கு வேறொருவர் என்று பழைய மாணவிகள் ஒரு குழுவாகவே இயங்குகிறார்கள். சங்க வீட்டில் மது கூடாது என்ற விதி பெண்கள் சங்கங்களில் பொதுவானது. வீட்டிலேயே தங்கி நிர்வகிக்க, 'ஹவுஸ் மாம்' என்று பிள்ளைகள் அழைக்கும் சம்பள அலுவலர் ஒருவரும் இருப்பார். அங்கேயும் தப்பு நடக்காமல் இல்லை. ஆனால் பொருளாளருக்கு ஆலோசகராக இருக்கும் அம்மையார் மாதாமாதம் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார் என்றால், 'இந்த 1,000 டாலர் எதற்கு எடுத்தீர்கள்?' என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறது. மது வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அலட்டல் இல்லாத, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய உதவி இது. கணக்குத் தெரிந்த பழைய மாணவர் யாராக இருந்தாலும் மாதத்தில் ஒரு மாலை ஒதுக்கினால் முடியும்.

கறுப்பின மாணவர் சங்கங்கள் வேறொரு பாதையைக் காட்டுகின்றன. 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1908-ல் ஹோவர்டில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913-ல் அதே ஹோவர்டில் பிறந்த டெல்டா சிக்மா தீட்டா போன்றவற்றில் பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் கடமை முடிவதில்லை. ஊருக்கு ஊர் பட்டதாரிக் கிளைகள் உண்டு. அவை பக்கத்துக் கல்லூரிக் கிளைகளுக்கு ஆலோசகர்களை அனுப்புகின்றன, உதவித்தொகை கொடுக்கின்றன, வாக்காளர் பதிவு போன்ற சேவைகளில் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு இறங்குகின்றன. பெரியவர்களுக்கே தொடர்ந்து ஒரு வேலை இருப்பதால் மாணவர்களோடு உறவு அறுந்துபோவதில்லை. இந்தச் சங்கங்கள் 1990-ல், புதியவர்களைச் சோதனைக் காலத்தில் வைக்கும் பழைய 'பிளெட்ஜ்' முறையையே கைவிட்டன. தடை வந்த பிறகும் சில இடங்களில் ரகசியமாக அது தொடர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயும் பழைய உறுப்பினர்களின் பேச்சு பெரிய பங்கு வகிக்கிறது: 'நாங்கள் பட்ட பாட்டை நீ படாமல் எப்படி உறுப்பினர் ஆவாய்?' என்று சீண்டுபவர் ஒருவர் இருந்தால் போதும், விதியை மீற ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இந்தப் பேச்சைத்தான் நான் மிகப் பெரிய தீங்காகப் பார்க்கிறேன். ஹோம்கமிங் வாரத்தில் பழைய மாணவர்கள் வருவார்கள். பீர் கோப்பையோடு உட்கார்ந்து, 'எங்கள் காலத்தில் விடிய விடியத் தூங்கவிட மாட்டார்கள்' என்று பெருமையாக ஆரம்பிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு அது கட்டளையாகக் காதில் விழுகிறது. எழுதப்பட்ட விதிமுறை எவ்வளவு இருந்தாலும், பணக்காரப் பழைய மாணவர் சிரித்துக்கொண்டே சொன்ன கதைதான் மனதில் நிற்கிறது. புதியவர்களை இப்படி வதைக்கும் சடங்குகளுக்கு ஹேஸிங் என்று பெயர். வட அமெரிக்க ஹேஸிங் சாவுகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் ஹாங்க் நியூவரின் பட்டியலில் 1959 முதல் 2021 வரை ஆண்டுக்கு ஒருவராவது இறந்திருக்கிறார். கிளைக்கு வரும் பழைய மாணவர் இந்தக் கதைகளை நிறுத்திவிட்டு, பியாஸாவின் 12 மணி நேரத்தை அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லட்டும். பணம் கொடுக்காவிட்டால்கூடப் பரவாயில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையுண்ட பிறகு, 1997-ல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு முக்கியமான வித்தியாசம், அமெரிக்கச் சங்கங்களில் புதியவர் தானாக விரும்பிச் சேருகிறார், சடங்கு அதற்கான விலையாக வைக்கப்படுகிறது. அதனாலேயே பலர் வெளியே சொல்வதில்லை.

எப்போது போக வேண்டும் என்பதும் முக்கியம். ஆபத்து ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. அழைப்பை ஏற்கும் இரவு, ஒவ்வொரு புதியவருக்கும் வழிகாட்டும் மூத்த உறுப்பினரான 'பிக் பிரதர்' யாரென்று அறிவிக்கும் இரவு, இறுதிச் சேர்க்கைக்கு முந்தைய வாரம் ஆகியவைதான் பயங்கரமானவை. 2017 நவம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஆண்ட்ரூ காஃபி இறந்ததும், 2021 பிப்ரவரியில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஓக்ஸ் இறந்ததும், அடுத்த மாதமே ஒஹாயோவின் போலிங் கிரீனில் ஸ்டோன் ஃபோல்ட்ஸ் ஒரு பாட்டில் மது முழுவதையும் குடிக்க வைக்கப்பட்டு இறந்ததும் இப்படிப்பட்ட பிக் பிரதர் நிகழ்ச்சிகளில்தான். அப்படியானால் பழைய மாணவர் சங்கம் பருவத் தொடக்கத்திலேயே கிளையின் நாள்காட்டியைக் கேட்டு வாங்கி, அந்த ஓரிரு இரவுகளுக்கு ஆள் போட்டுவிடலாம். கால்பந்து ஆட்டத்துக்கு 300 மைல் கார் ஓட்டி வருகிறவர்களால் இதுவும் முடியும்.

வீடு இல்லாத கிளைகள் தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவர் மைக்கேல் டெங், பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்கச் சங்கத்தின் சடங்கில் இறந்தார். அது நடந்தது பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் வாடகைக்கு எடுத்த வீட்டில். தனிநபர்களோடு தேசிய அமைப்பும் தண்டிக்கப்பட்டு, 10 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் இயங்கத் தடை வந்தது. தெற்காசிய மாணவர்களுக்கென்றும் சங்கங்கள் இருக்கின்றன: டெல்டா எப்சிலான் சை 1998-ல் டெக்சாஸ் ஆஸ்டினில் தொடங்கியது, டெல்டா ஃபை ஒமேகா என்ற பெண்கள் சங்கம் அதே ஆண்டு ஹூஸ்டனில். நம் வீட்டுப் பிள்ளைகள் சேரக்கூடியவை இவை. முதல் தலைமுறை உறுப்பினர்கள் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள். புதுப்பிக்க மாளிகை இல்லாத இந்தச் சங்கங்களில் ஆதரவு என்றால் ஆள் போய் நிற்பது, போனை எடுப்பது, வாரக்கடைசிப் பயணம் எங்கே என்று கேட்பது ஆகியவைதான்.

அப்புறம் பணம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்த உறைக்குள் போகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கிளைக்கோ ஹவுஸ் கார்ப்பரேஷனுக்கோ நேரடியாகக் கொடுத்தால் பொதுவாக வருமான வரிச் சலுகை கிடையாது. அமெரிக்க வரிச் சட்டத்தில் அவை பெரும்பாலும் 501(சி)(7) பிரிவு மனமகிழ் மன்றங்கள். தேசிய அமைப்புகளின் கல்வி அறக்கட்டளைகள் 501(சி)(3) பிரிவில் வருவதால் அங்கே சலுகை உண்டு, ஆனால் அந்தப் பணம் உதவித்தொகை, படிப்பறை, தலைமைப் பயிற்சி போன்ற கல்விச் செலவுக்கு மட்டுமே போகும். என்னைக் கேட்டால் முதல் பணம் தீப்பாதுகாப்புத் தெளிப்பான்களுக்கும், வீட்டில் தங்கும் நிர்வாகியின் சம்பளத்துக்கும் போக வேண்டும். பீட்டா வீட்டைப் புதுப்பித்தவர், கிளை மூடப்பட்ட பிறகு தான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். பெருந்தொகை கொடுக்கும்போது கிளை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. படிப்பு உதவி, ரெஸ்யூமே திருத்துவது, இன்டர்ன்ஷிப்புக்குக் கைகொடுப்பது போன்றவை நல்ல காரியங்கள்தான், அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இந்த நிகழ்வுக்குப் பின் என்ன மாறியது? பென் ஸ்டேட் 2017 மார்ச்சிலேயே அந்தக் கிளையை நிரந்தரமாகத் தடை செய்தது. ஃப்ரட்டர்னிட்டிகளைத் தண்டிக்கும் அதிகாரத்தை மாணவர் மன்றத்திடமிருந்து பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. பியாஸாவின் பெற்றோர் ஜிம், எவ்லின் இருவரும் விடாமல் போராடியதில், 2018 அக்டோபரில் அவர் பெயரிலேயே பென்சில்வேனியாவில் ஹேஸிங் எதிர்ப்புச் சட்டம் வந்தது. சாவோ கடுமையான காயமோ ஏற்பட்டால் 7 ஆண்டு வரை சிறை. உதவிக்கு அழைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு. இன்னொரு பிரிவு பழைய மாணவர்களை நேரடியாகத் தொடுகிறது: ஹேஸிங் நடந்த சங்க வீட்டைப் பறிமுதல் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள் இனி 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு வாடகை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் சொத்தே போகலாம். வாடகை ஒப்பந்தத்தில் ஹேஸிங் நடந்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பதும், பொது அறைகளைப் பார்வையிடும் உரிமையை எழுதி வைப்பதும் ஹவுஸ் கார்ப்பரேஷன் ஒரே கூட்டத்தில் முடிக்கக்கூடிய வேலை.

பெற்றோரோடு செய்துகொண்ட உடன்பாட்டில் பீட்டா தீட்டா பை தன் வீடுகள் அனைத்தையும் மதுவற்றதாக்க ஒப்புக்கொண்டது. ஃபை டெல்டா தீட்டா இதை 2000-லேயே செய்திருந்தது. ஆனாலும் 2017 செப்டம்பரில் லூசியானா ஸ்டேட்டில் அதே சங்கத்தின் வீட்டில் மேக்ஸ் க்ரூவர் குடிக்க வைக்கப்பட்டு இறந்தார். பென் ஸ்டேட் பீட்டாவும் மதுவில்லா வீடாகத்தான் இருந்தது. விதி தேவை, மறுக்கவில்லை. அதைக் கேட்டு உறுதிப்படுத்தும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத வரை அது சுவரில் மாட்டிய காகிதம்தான்.

அந்த இரவில் கிளைத் தலைவராகவும் புதியவர்களுக்குப் பொறுப்பாளராகவும் இருந்த இருவர் 2024-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2 முதல் 4 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஹேஸிங் தடுப்புக்கான கூட்டாட்சிச் சட்டமும் கையெழுத்தானது. கூட்டாட்சி நிதி உதவி பெறும் கல்லூரிகள் ஹேஸிங் புகார்களின் எண்ணிக்கையையும், விதி மீறிய அமைப்புகளின் பெயரையும் வெளியிட வேண்டும் என்கிறது அது. ஆகவே தன் பழைய கிளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இனி யாரும் நண்பர்கள் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. காசோலை எழுதும் முன் அந்த அறிக்கையில் தன் கிளையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆலோசகரைக் கூப்பிட்டு, அடுத்த அழைப்பு இரவு எந்தத் தேதி, அன்று வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம்.